121 கொரோலாவைத் திருத்துவதா, விற்றுவிட்டு வேறு எடுப்பதா

முதலில் உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன், இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். களுவாஞ்சிகுடியில் இருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி, படுவான்கரையில் உள்ள பாடசாலைக்கு நாளாந்தம் போய்வருகிறீர்கள். கையில் இருப்பது 2002ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, ஒட்டோ கியர். அம்மாவை மட்டக்களப்புக்குக் கிளினிக் கூட்டிப்போவதும் சேர்த்து மாதம் 1,000 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. கார் கொஞ்ச நாளாக ஒயில் குடிக்கிறது. கொழும்புக்குப் போகும் வழியில் வெலிக்கந்தைப் பக்கம் ஹீட் ஏறியது. கராஜில் எஞ்சினை மாற்றச் சொல்லி, சஸ்பென்ஷன், ஏசி, டிங்கரிங் எல்லாம் சேர்த்து ஆறரை இலட்சம் கேட்டிருக்கிறார்கள். இப்போதிருக்கும் நிலையிலேயே 45 இலட்சத்துக்கு எடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் சுசுகி வேகன் ஆர் கார் 70 இலட்சம். மிச்சம் 25 இலட்சத்துக்கு லீசிங் போட்டால் 5 வருடத்துக்கு மாதம் 60,000. இருபது வயது தாண்டிய காருக்கு ஆறரை இலட்சம் செலவழிப்பது சரியா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: இரவில் அம்மாவுக்கு ஏதும் என்றால் இந்தக் காரை நம்பி எடுக்கலாமா? அதுதான் நீங்கள் உண்மையில் கேட்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, கல்லடிப் பக்கம் பல வருடங்களாகக் கராஜ் நடத்துகிறேன். கூடுதலாக என்னிடம் வருவது உங்களுடையதைப் போன்ற ஜப்பான் பெட்ரோல் கார்களும் வான்களும்தான். ஒட்டோ கியர்பொக்ஸைத் திறக்கும் வேலையையும் ஹைபிரிட் பெரிய பேட்டரி வேலையையும் நான் செய்வதில்லை, அதற்கென்று இருப்பவர்களிடம் அனுப்பிவிடுவேன். உங்கள் காரை நான் கண்ணால் பார்க்கவும் இல்லை. ஆகவே சிலவற்றை உறுதியாகச் சொல்வேன், சிலவற்றை நீங்கள் சோதித்துப் பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஒரு கணக்கு அடிக்கடி வரும். திருத்தும் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு, தாண்டாவிட்டால் திருத்து என்பார்கள். நமது நாட்டில் இந்தக் கணக்கு உதவாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் சுங்கத் தீர்வை, அதற்கு மேல் மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 வீத வற் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. வெளியே இருந்து பாவித்த கார் கொண்டுவருவதென்றாலும் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். அதனால் உங்களுடையதைப் போன்ற பழைய கார் இனிப் புதிதாக நாட்டுக்குள் வரப்போவதில்லை. இருப்பதையே ஆளுக்காள் மாற்றிக்கொள்கிறோம், விலையும் கீழே இறங்க மறுக்கிறது. 45 இலட்சத்தில் ஆறரை என்பது ஏழில் ஒரு பங்கு. அந்த வெளிநாட்டுக் கணக்கின்படி, அடித்தட்டு உழுத்துப்போன காரைக்கூட இங்கே திருத்தத்தான் சொல்லும்.

ஆகவே விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, காரில் எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று பாருங்கள். எஞ்சின் மாற்றலாம், கியர்பொக்ஸ் மாற்றலாம், ஏசி, சஸ்பென்ஷன், வயரிங் எல்லாம் மாற்றலாம். பாடியை மாற்ற முடியாது. மட்டக்களப்பிலும் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று வழியெல்லாம் நாங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். மாரியில் வாடைக்காற்றோடு வரும் உப்பு, வெள்ளத்தில் நனைந்து காயாமல் கிடக்கும் தரைவிரிப்பு, மரநிழலில் ஈர மணலின் மேல் மாதக்கணக்காக நிற்பது, இவை மூன்றும் சேர்ந்தால் தகரம் உள்ளிருந்தே கறள் பிடிக்கும். கண்டி, பதுளைப் பக்கம் ஓடிய அதே வயதுக் காரையும் நம் பக்கக் காரையும் தூக்கி அடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதை எஞ்சினை விடக் கறள்தான் தீர்மானிக்கிறது. ஆறரை இலட்சப் பட்டியலில் முக்கால்வாசி எஞ்சினுக்குத்தான் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கறளைப் பற்றி உங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை.

இதை நீங்களே பார்க்கலாம். சேர்விஸ் ஸ்டேஷனில் ரேம்பில் ஏற்றி, அடியை நன்றாகக் கழுவிக் காயவிடச் சொல்லுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கைப்பிடியால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியை முன் சில்லில் இருந்து பின் சில்லு வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீர் என்று பதில் சொல்லும். பட்டி பூசி மறைத்த இடம் மொத்தையாக ஒலிக்கும். மொத்தையாக ஒலிக்கும் இடத்தில் முனையால் ஒரு குத்து. பெயின்ட் மட்டும் உதிர்ந்தால் பயமில்லை. முனை உள்ளே போய், பழுப்புத் தூள் கொட்டினால் அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்ட் பண்ண வேண்டும். இந்த வேலை செலவுதான், ஆனாலும் செய்யக்கூடியது. அடுத்து டிக்கியைத் திறந்து ஸ்பேர் சில்லைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். முன் இருக்கைகளுக்குக் கீழே தரைவிரிப்பை ஓர் ஓரமாக உயர்த்திக் கையை விட்டுப் பாருங்கள், ஈரமா, மேடும் பள்ளமுமாகக் கொப்புளித்திருக்கிறதா என்று.

கடைசியாக, மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். பொனட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் சொக் அப்சோபரின் தலை வந்து உட்காரும் மேடை. எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் அது பாடியோடு போல்ட் ஆகும் இடங்களும். பின் சஸ்பென்ஷன் பாடியில் பிடிபடும் இடம். இந்த மூன்றில் எதிலாவது தகரம் உழுத்து ஓட்டை விழுந்திருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் அந்த 45 இலட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வாங்குபவரிடம் மறைக்க வேண்டாம். அந்த இடங்களில் ஒட்டு வெல்டிங் அடித்து ஓடும் கார்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய குழியில் விழும்போதோ, எதிலாவது மோதும்போதோ அந்த ஒட்டு தாங்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அம்மாவை ஏற்றிப்போகும் காரில் அந்த ஆபத்தை எடுக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு அண்டர்சீல் பூச்சு அடித்துவிட்டால் பார்க்கப் புதிது போல இருக்கும், ஈரம் உள்ளே அடைபட்டு வேகமாகத் தின்னும். கராஜ் பட்டியலில் ‘அண்டர்சீல்’ என்று மட்டும் இருந்தால், அதற்கு முன் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

பாடி தப்பிவிட்டது என்று வைப்போம். இனி எஞ்சின். உங்கள் காரில் இருப்பது 1என்இசட். அதே எஞ்சின்தான் எக்ஸியோ, புரோபொக்ஸ் என்று இன்னும் பல டொயோட்டாக்களிலும் இருக்கிறது. சாமான் தட்டுப்பாடு இல்லை, வேலை தெரியாத பாஸும் இல்லை. டைமிங் பெல்ட் இல்லாமல் செயினில் ஓடுவது, ஆகவே பெல்ட் அறுந்து நின்றுவிடும் என்ற பயமும் இல்லை. இவ்வளவும் உங்களுக்குச் சாதகம்.

எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று சொன்னதற்கு என்ன ஆதாரம் காட்டினார்கள்? நீங்கள் எழுதியதில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்ததாக இல்லை. அதைப் பார்க்காமல் எஞ்சின் போய்விட்டது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளும் தீப்பொறியும் வராமல் இணைப்புகளை எடுத்துவிட்டு, அக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இலக்கம் வரும். இந்த எஞ்சினுக்கு நல்ல நிலையில் 200 பிஎஸ்ஐயைத் தொடும். 160க்குக் கீழே விழுந்தாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 15க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தால், இலக்கம் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு). நான்கும் நன்றாக இருந்தும் ஒயில் குடிக்கிறது என்றால் வால்வு சீல் இறுகியிருக்கலாம், பிசிவி வால்வு என்ற சின்னச் சாமான் அடைத்திருக்கலாம், ஒயில் ரிங்கில் கரி பிடித்திருக்கலாம். புகையும் ஓரளவு சொல்லும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமாக வந்து மறைந்தால் கூடுதலாக வால்வு சீல். ஓடும்போது அக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க வந்தால் கூடுதலாக ரிங். ‘கூடுதலாக’ என்றுதான் சொல்ல முடியும், இரண்டும் சேர்ந்தும் வரும். எப்படியும் இதை அப்படியே விடவும் முடியாது. ஒவ்வொரு வருடமும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும்.

ஹீட் ஏறியதைத் தனியாகப் பார்க்க வேண்டும். டவுனில் நிற்கும்போது ஏறியிருந்தால் ஃபேனைச் சந்தேகிப்பேன். வெலிக்கந்தை நேர் ரோட்டில், நல்ல வேகத்தில், காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது ஏறியது என்கிறீர்கள். அப்படியென்றால் ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கலாம், வாட்டர் பம்ப் பலவீனமாக இருக்கலாம், ஹெட் கேஸ்கட்டும் ஆகலாம். எஞ்சின் ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தாலும், ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் பால் கலந்தது போல இருந்தாலும் ஹெட் கேஸ்கட் பக்கம்தான் சந்தேகம். நம் பக்கத்தில் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. கரையோரக் கிணறுகளில் உவர் இருக்கும், அது அலுமினியத்தை அரித்து உள்ளே படிந்து குழாயை அடைக்கும். இனிமேல் கூலன்ட் மட்டும் விடுங்கள். தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட் ஏறுகிறது என்றால் அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல கராஜ்களில் உண்டு. அது எஞ்சின் சூடாகி 82 பாகை அளவில் வந்ததும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்படி வைத்த சாமான். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும்.

கியர்பொக்ஸைப் பற்றி வெளியில் இருந்து தெரியக்கூடியதை மட்டும் சொல்கிறேன். டி-யில் போட்டதும் உடனே பிடிக்கிறதா, இரண்டு மூன்று செக்கன் யோசிக்கிறதா? ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் இருக்கிறதா? குச்சியில் வரும் ஒயில் கறுத்துக் கருகல் மணம் வருகிறதா? இந்த மூன்றும் இல்லையென்றால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். இருந்தால் எஞ்சினில் காசு போடுமுன் கியர்பொக்ஸ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றாகக் கேட்டால் உங்கள் ஆறரை இலட்சம் அதே ஆறரையாக நிற்காது.

எஞ்சின் மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், ‘ஜப்பான் எஞ்சின்’ என்ற பெயரை நம்பாதீர்கள். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கும் தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய உள்ளூர்க் காரில் இருந்து கழற்றியதும் அந்தப் பெயரில் வரலாம். அந்த எஞ்சினிலும் கம்ப்ரஷன் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். பில்லையும் அது நாட்டுக்குள் வந்ததற்கான பேப்பரையும் வாங்கி வையுங்கள், சி.ஆரில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், எஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் விற்கும் நாளில் சிக்கல். நானாக இருந்தால், பிளாக் நன்றாக இருக்கும் பட்சத்தில், உங்களுடைய எஞ்சினையே திறந்து ரிங், சீல், கேஸ்கட் போட்டு எடுப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் செய்த வேலை அது.

இனி லீசிங்கைப் பார்ப்போம். மாதம் 60,000 படி 60 மாதம் கட்டினால் 36 இலட்சம். அதில் 25 காரில் இருக்கும், 11 வட்டியாகப் போய்விடும். கட்டி முடிக்கும்வரை கார் லீசிங் கம்பனியின் உரிமையில் இருக்கும், முழுக் காப்புறுதியும் வருடா வருடம் கட்டாயம். எரிபொருளில் மிச்சம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் உண்மைதான். உங்கள் கார் லீட்டருக்கு 12, வேகன் ஆர் 18 என்று வைத்தால், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 28 லீட்டர் மிச்சம். லீட்டர் 300 ரூபாய் என்றால் 8,400. தவணையில் ஏழில் ஒரு பங்குகூட அது வராது. ஒரு பேச்சுக்கு, ஆறரை இலட்சமும் திரும்பி வராத காசு என்றே எடுத்தாலும், திருத்திய காரை மூன்று வருடம் ஓடினால் மாதம் 18,000தான். உங்களுக்கு அடுத்த வருடம் விவசாயக் காசோ வேறு வருமானமோ வந்து வட்டியில்லாமல் அந்த 25 இலட்சத்தைப் போட முடியுமென்றால் கதை வேறு. ஆசிரியச் சம்பளத்தில் இருந்து கட்டுவதென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு மாதம் தவறினால் காரும் போய்ப் பழைய காரும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். வாகன விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். வர்த்தமானி ஒன்றில் வரி மாறினால் சந்தை தலைகீழாகிவிடும்.

வேகன் ஆர் நல்ல கார்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதையும் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். பார்க்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசி முனை வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரென்றால் வழமையாக வெளியே வராத அந்தப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டைக் கழுவுபவர்கள் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள். செசி இலக்கத்தை வைத்து ஜப்பான் ஏலத் தாளை எடுத்து, அப்போதைய கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள். மாரியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாயும் படுவான்கரைப் பக்கம் ஓடுவதற்கு, உயரம் குறைந்த கார் எதுவானாலும் நல்லதல்ல. எஞ்சின் காற்று இழுக்கும் வாயில் ஒரு தடவை தண்ணீர் புகுந்தால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும், கார் பழையதா புதியதா என்று தண்ணீர் பார்க்காது. அப்படித் தண்ணீர் நிற்கும் நாளில் பஸ்ஸில் போங்கள். தப்பித் தவறி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

சரி, அம்மா விஷயம். பாடி நன்றாக இருந்து எஞ்சினையும் திருத்திவிட்டால் இந்தக் காரை நம்பலாம் என்றே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. இந்த வயதுக் கார் நடு ரோட்டில் நிற்பதற்குப் பெரும்பாலும் எஞ்சின் காரணமாக இருக்காது. பிளாஸ்டிக் டேங்க் வெடித்த ரேடியேட்டர், இறுகிப்போன ஹோஸ், பலவீனமான பெட்ரோல் பம்ப், ஒரு கொயில், ஒல்டர்னேட்டர் பிரஷ், வயதான பேட்டரி, இவைதான் நிறுத்தும். எஞ்சின் வேலை நடக்கும்போதே இவற்றைச் சோதித்து, சந்தேகமானதைப் பழுதாகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். காசு போதாவிட்டால் டிங்கரிங்கையும் பெயின்டையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். கறளை வெட்டி வெல்ட் பண்ணுவதைத் தள்ள வேண்டாம். ஏசி உங்கள் விருப்பம், ஆனால் கச்சான் காலத்தில் நோயாளியோடு போகும்போது அதுவும் தேவைப்படும்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ரேம்பில் ஏற்றி அடியைப் பார்ப்பது, அடுத்து இப்போதைய கராஜ் அல்லாத வேறொரு இடத்தில் கம்ப்ரஷன் பார்ப்பது. இரண்டும் அரை நாள் வேலை, ஆறரை இலட்சத்தோடு பார்த்தால் செலவே இல்லை. 45 இலட்சக்காரரிடம் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். உண்மையாக வாங்குபவர் பொறுப்பார். நான்கு சிலிண்டரின் இலக்கங்களையும், ஸ்குரூ டிரைவர் எங்கெங்கே உள்ளே போனது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். ஆறரை இலட்சப் பட்டியலையும் வரி வரியாகப் போட்டால், எதை வைப்பது எதை வெட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.